எலியின் சோர்வா, மாடலின் கோளாறா? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழி

"அக்கா, மாடல் ஓடுது. ஆனா நம்பரைப் பார்த்தா நம்புற மாதிரி இல்ல."

இதை நான் கேட்காத மாதம் இல்லை. மனச்சோர்வைப் புரிந்துகொள்ள, சுண்டெலிகளுக்குப் பல வாரம் லேசான ஸ்ட்ரெஸ் கொடுத்து, அவை வெகுமதியை எப்படித் தேடுகின்றன என்று பார்த்து, அந்தத் தேர்வுகளுக்கு ஒரு கணக்கு மாடலைப் பொருத்துவது எங்கள் ஆய்வகத்தின் வேலை. வருகிற கோளாறுகள் ஏழெட்டுக்கு மேல் இல்லை. ஆள்தான் மாறுகிறார்கள், கோளாறு அதேதான். ஒவ்வொருவரிடமும் வாயால் சொன்னதை இங்கே எழுதிவைக்கிறேன்.

கீழே உள்ளதெல்லாம் இந்த அமைப்பை வைத்துச் சொல்வது: பெட்டியில் இடம் வலமாக இரண்டு துளைகள். ஒன்றில் மூக்கை நுழைத்தால் 80 சதவீத வாய்ப்பில் ஒரு சொட்டு சர்க்கரைத் தண்ணீர், மற்றதில் 20 சதவீதம். தேர்ந்தெடுக்கக் கிடைக்கும் ஒவ்வொரு வாய்ப்பும் ஒரு டிரயல். சில பத்து டிரயலுக்கு ஒருமுறை நல்ல பக்கம் மாறிவிடும். மாடல் எளிய கியூ-லேர்னிங்: எந்தப் பக்கம் எவ்வளவு தரும் என்ற எலியின் கணிப்பை டிரயலுக்கு டிரயல் புதுப்பிக்கும் கணக்கு. அந்தக் கணிப்புதான் கியூ மதிப்பு. ஆல்ஃபா என்பது கிடைத்ததைப் பார்த்து எலி தன் கணிப்பை எவ்வளவு வேகமாக மாற்றிக்கொள்கிறது என்பது. பீட்டா என்பது அந்தக் கணிப்பை எவ்வளவு உறுதியாகப் பின்பற்றுகிறது என்பது. டேட்டாவுக்குப் பொருத்தி, அதாவது ஃபிட் செய்து, கண்டுபிடிக்கும் இந்த மாதிரி எண்களுக்குப் பாராமீட்டர் என்று பெயர். இதற்கு மேல் தியரி வேண்டாம்.

சோதிக்கும் வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். முதலில் டேட்டா ஃபைல், அது பத்து நிமிட வேலை. அடுத்து பெட்டி, ஒரு மணி நேரம். அடுத்து கோட், ஒரு நாள். அடுத்து மாடல், ஒரு வாரம். கடைசியாகத்தான் புது எலிகள். ஸ்ட்ரெஸ் வாரங்களையும் பயிற்சியையும் சேர்த்தால் அது மாதக் கணக்கு, கூடவே அத்தனை உயிர். ஃபைலில் இருந்த தப்புக்காக இன்னொரு தொகுதி எலிகளைக் குளிரிலும் ஈரப் படுக்கையிலும் வைப்பதைவிடப் பெரிய வீண் இந்த வேலையில் இல்லை.

## அறிகுறி 1: ஆல்ஃபா 0-விலோ 1-லோ ஒட்டிக்கொள்கிறது, பீட்டா மேல் வரம்பில் முட்டி நிற்கிறது

### டேட்டா ஃபைல் சரியா?

கோடைத் தொடாதீர்கள். ஒட்டிக்கொண்ட எலியின் ஃபைலைத் திறந்து, முதல் 20 வரியையும் கடைசி 60 வரியையும் கண்ணால் படியுங்கள். பிறகு இடது எத்தனை, வலது எத்தனை, விடுபட்டது எத்தனை என்று எண்ணுங்கள். மூன்றையும் கூட்டினால் மொத்த டிரயல் வர வேண்டும்.

எங்களுக்கு ஒருமுறை 14-ஆம் நம்பர் எலி மட்டும் ஆல்ஃபா 0.001 என்று வந்துகொண்டே இருந்தது. இரண்டு நாள் கோடோடு மல்லுக்கட்டினோம். கடைசியில் ஃபைலைத் திறந்தால், கீழே வரிசையாக 0, 0, 0, 0. எங்கள் பெட்டி இடதை 0 என்றும் வலதை 1 என்றும் எழுதும். எலி பதிலே சொல்லாமல் விட்ட டிரயலையும் 0 என்றே எழுதிவைத்திருக்கிறது. அந்த எலி செஷன் முடிவில் ஒரு மூலையில் போய் உட்கார்ந்துவிட்டது. மாடலுக்கோ, அது வெகுமதியே இல்லாமல் 60 தடவை பிடிவாதமாக இடது பக்கம் போனதாகத் தெரிந்திருக்கிறது. கற்காத எலி என்று அது சொன்னதில் தப்பில்லை.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. ஸ்ட்ரெஸ் பட்ட எலிகள்தான் பெரும்பாலும் அதிக டிரயல்களை விடும். ஆகவே இந்த ஒரு குறியீட்டுத் தப்பு, இல்லாத குழு வேறுபாட்டைத் தானாகவே உண்டாக்கிக் கொடுத்துவிடும். விடுபட்ட டிரயலுக்குத் தனிக் குறி கொடுங்கள். அந்த இடத்தில் கியூ மதிப்பை மாற்றவும் வேண்டாம், லைக்லிஹுட்டில் (எலியின் தேர்வுகளை மாடல் எவ்வளவு நன்றாகக் கணிக்கிறது என்ற அளவில்) சேர்க்கவும் வேண்டாம்.

### எலி ஒரே பக்கம் போகிறதா?

செஷன் வாரியாக இடது பக்கத்தின் பங்கைப் போட்டுப் பாருங்கள். நல்ல பக்கம் மாறி மாறி வருவதால் அது பாதிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். 80 சதவீதத்தைத் தாண்டுகிறது என்றால் இரண்டில் ஒன்று: எலிக்கே அந்தப் பக்கம் பழகிவிட்டது, அல்லது மறுபக்கத்தில் சொட்டு சரியாக வரவில்லை.

இரண்டாவதை முதலில் பாருங்கள். ஒவ்வொரு வால்விலிருந்தும் 100 சொட்டு வெறும் தண்ணீரை ஒரு சின்னக் குழாயில் பிடித்து எடை போடுங்கள். சொட்டுக்கு 10 மைக்ரோலிட்டர் என்று செட் செய்திருந்தால் 100 சொட்டு 1 கிராம் இருக்க வேண்டும். எங்கள் பெட்டி ஒன்றில் வலது 0.97, இடது 0.61 வந்தது. கழற்றிப் பார்த்தால் வால்வின் வாயில் சர்க்கரை படிந்து வெள்ளையாக உறைந்திருந்தது. அன்றிலிருந்து செஷன் முடிந்ததும் வெந்நீர் விட்டு அலசுகிறோம். எடை போடும் வேலை வாரம் ஒருமுறை நடக்கிறது, ஒரு நோட்டில் தேதியோடு ஏறுகிறது.

சொட்டு சரி, எலிதான் ஒருபக்கச் சாய்வு என்றால் மாடலில் ஒரு பக்கச்சாய்வு பாராமீட்டர் சேருங்கள். அது இல்லாவிட்டால் அந்தச் சாய்வை விளக்க ஆல்ஃபாவும் பீட்டாவும்தான் வளைந்துகொடுக்கும்.

### ஆப்டிமைசர் பாதியில் நின்றுவிட்டதா?

டேட்டாவுக்கு நன்றாகப் பொருந்தும் பாராமீட்டரைத் தேடும் நிரல்தான் ஆப்டிமைசர். ஒரே ஒரு தொடக்கப் புள்ளியிலிருந்து ஓட்டினால் அது கிடைத்த பள்ளத்தில் உட்கார்ந்துவிடும். 20 வெவ்வேறு புள்ளிகளிலிருந்து ஓட்டி, மிகக் குறைந்த நெகட்டிவ் லாக் லைக்லிஹுட் (குறைந்தால் நல்ல பொருத்தம்) எதில் வந்ததோ அதை எடுங்கள். இருபதும் இருபது விடை சொன்னால் டேட்டா போதவில்லை என்று பொருள். அறிகுறி 4-க்குப் போங்கள்.

### இத்தனையும் சரி, இன்னும் ஒட்டுகிறது

பலவீனமான ஒரு பிரையர், அதாவது டேட்டாவைப் பார்க்கும் முன்பே பாராமீட்டர் எங்கே இருக்கலாம் என்ற முன்கணிப்பு, சேர்த்து ஃபிட் செய்யுங்கள், பெரும்பாலும் விளிம்பிலிருந்து இறங்கிவிடும். விளிம்பில் நிற்கிற எலியைச் சத்தமில்லாமல் பட்டியலிலிருந்து எடுப்பது மட்டும் கூடாது. விளிம்புக்குப் போவது ஸ்ட்ரெஸ் குழுவில் அதிகம் என்றால், நீங்கள் எடுத்துப்போடுவது எதைத் தேடுகிறீர்களோ அதையேதான்.

எப்போது ஆளைக் கூப்பிடுவது: வால்வைச் சுத்தம் செய்த பிறகும் இரண்டு பக்கமும் பத்து சதவீதத்துக்கு மேல் வேறுபட்டால் பெட்டி கொடுத்தவர்களின் சர்வீஸ் ஆளை வரவழையுங்கள். கோடில் ஒரு பக்கத்தை மட்டும் கூட்டிக் குறைத்துச் சமாளிக்காதீர்கள், அடுத்த வாரம் அது வேறு மாதிரி சொட்டும்.

## அறிகுறி 2: ஸ்ட்ரெஸ் குழுவின் பீட்டா குறைவு. அன்ஹெடோனியா என்று எழுதிவிடலாமா?

அதிகம் பேர் வருவது இதற்குத்தான், அதிக அவசரமும் இங்கேதான். எதிலும் நாட்டமில்லாமல் போவது, அதாவது அன்ஹெடோனியா, மனச்சோர்வின் மையமான அறிகுறி. ஹைஸ், பிட்சகாலி, போக்டன், தயான் ஆகியோர் 2013-இல் மனிதர்களின் சோதனைத் தரவுகள் பலவற்றைச் சேர்த்து மறுபடி ஆராய்ந்தபோது, அன்ஹெடோனியா கற்றல் வேகத்தைவிட வெகுமதி உணர்திறனைத்தான் அதிகம் குறைக்கிறது என்று கண்டார்கள். அதே வடிவம் நம் எலியிலும் வந்துவிட்டால் மனம் துள்ளத்தான் செய்யும். எனக்கும் துள்ளியது. துள்ளியதும் கீழே உள்ளவற்றை வரிசையாகப் பாருங்கள்.

### எலிக்குப் பசி, தாகம் ஒரே அளவா?

எடைப் பதிவேட்டை எடுங்கள். உணவையோ தண்ணீரையோ கட்டுப்படுத்தி எடையை, கட்டுப்படுத்துவதற்கு முன் இருந்ததில் 85 முதல் 90 சதவீதத்தில் வைத்திருப்போம். ஆனால் ஸ்ட்ரெஸ் தானாகவே எடையைக் குறைக்கும். அதனால் ஒரே சதவீதத்தில் இருக்கும் இரண்டு எலிகளுக்குப் பசி ஒரே அளவில் இருக்க வேண்டும் என்பதில்லை.

செய்ய வேண்டியது: செஷனின் முதல் 100 டிரயலையும் கடைசி 100 டிரயலையும் தனித்தனியாக ஃபிட் செய்யுங்கள். கடைசியில் மட்டும் பீட்டா சரிகிறது என்றால் எலிக்கு வயிறு நிறைந்திருக்கிறது, அல்லது களைத்திருக்கிறது. முதல் 100-லேயே வேறுபாடு நிற்கிறது என்றால்தான் அடுத்த படி.

### யார் எடுத்தார்கள், எப்படி எடுத்தார்கள்?

கிளார்க்சனும் சக ஆய்வாளர்களும் 2018-இல் காட்டியது இது: வாலைப் பிடித்துத் தூக்கிய சுண்டெலிகளைவிட, குழாய்க்குள் நுழைய வைத்துத் தூக்கியவை சர்க்கரைக் கரைசலுக்கு அதிக நாட்டம் காட்டின. அதாவது வாலைப் பிடிப்பதே எலியின் வெகுமதி உணர்வைக் குறைத்துவிடும். ஸ்ட்ரெஸ் கொடுக்காத கன்ட்ரோல் எலிகளை ஒருவரும் ஸ்ட்ரெஸ் எலிகளை இன்னொருவரும் கையாண்டிருந்தால், உங்கள் பீட்டா வேறுபாடு அந்த இரண்டு பேரின் கை வேறுபாடாக இருக்கலாம். பதிவேட்டில் கையெழுத்தைப் பாருங்கள். சோர்ஜும் குழுவினரும் 2014-இல் காட்டிய இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஆண் ஆய்வாளர் பக்கத்தில் இருப்பதே எலிகளுக்கு ஸ்ட்ரெஸ் தந்து வலி உணர்வை மாற்றுகிறது.

எங்கள் ஆய்வகத்தில் இப்போது எல்லோரும் குழாயில்தான் எடுக்கிறோம். ஒரு நாள் பழக்கம் போதும். எலி தானாகவே குழாய்க்குள் வந்து உட்கார்ந்து, மீசையை ஆட்டிக்கொண்டு வெளியே எட்டிப்பார்க்கும். அதைப் பார்த்தவர்களுக்கு மறுபடி வாலைப் பிடிக்கக் கை வராது.

### இது பீட்டாவா, லாப்ஸா?

ஒரு படம் போடுங்கள். கிடை அச்சில் வலது, இடது கியூ மதிப்புகளின் வித்தியாசம். செங்குத்து அச்சில் வலதைத் தேர்ந்தெடுத்த பங்கு.

வளைவு முழுவதும் சாய்வு தளர்ந்திருந்தால் அது பீட்டா. நடுவில் செங்குத்தாக ஏறி, இரண்டு முனையிலும் மட்டும் 0-வையும் 1-ஐயும் தொடாமல் நின்றால் அது லாப்ஸ். அதாவது எலிக்கு எது நல்லது என்று தெரிகிறது, ஆனால் அவ்வப்போது கவனம் தவறுகிறது. இந்த இரண்டையும் ஒரே பெயரில் எழுதினால் பொய் எழுதியதாகும். லாப்ஸ் பாராமீட்டர் சேர்த்து மறுபடி ஃபிட் செய்தபோது, அன்ஹெடோனியா என்று நாங்கள் கொண்டாடிய வேறுபாடு ஒருமுறை மொத்தமாக அங்கே போய்விட்டது. வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அச்சில் ஏறிய பிறகு தெரியவந்திருந்தால் இன்னும் வருத்தமாக இருந்திருக்கும்.

### உங்கள் சோதனையில் வெகுமதி உணர்திறனைப் பிரிக்கவே முடியுமா?

மாடலில் வெகுமதி உணர்திறன் என்று ரோ ஒன்றும், பீட்டா ஒன்றும், இரண்டையும் வைத்திருந்தால் நிறுத்துங்கள். ரோ வெகுமதியைப் பெருக்குகிறது, பீட்டா கியூ மதிப்பைப் பெருக்குகிறது. தொடக்க மதிப்பு பூஜ்யமாக இருந்தால் தேர்வில் தெரிவது இரண்டின் பெருக்கல் மட்டுமே. ரோவைப் பாதியாக்கி பீட்டாவை இரட்டிப்பாக்கினால் லைக்லிஹுட் ஒரு புள்ளிகூட நகராது. நீங்களே கையால் போட்டுப் பாருங்கள், ஐந்து நிமிடம்.

ஆகவே இந்தச் சோதனையை மட்டும் வைத்துக்கொண்டு "வெகுமதி அதற்கு இனிக்கவில்லை" என்பதையும் "தேர்வு குழம்பியிருக்கிறது" என்பதையும் பிரிக்க முடியாது. எத்தனை எலி சேர்த்தாலும் பிரியாது. சொட்டின் அளவைக் கூட்டிக் குறைத்தாலும் பிரியாது, ஏனென்றால் அதையும் அதே ரோதான் பெருக்குகிறது.

பிரிக்க வேண்டுமானால் வெகுமதியோடு சேராத இன்னொரு எடை அதே தேர்வுக்குள் வர வேண்டும். ஒரு பக்கம் அதிக தடவை லிவர் அழுத்த வேண்டும் என்று உழைப்பைச் சேர்க்கலாம், அல்லது லேசான காற்றூதல் சேர்க்கலாம். வெகுமதியின் எடை மட்டும் குறைந்து உழைப்பின் எடை அப்படியே நின்றால் அது வெகுமதி உணர்திறன். இரண்டும் ஒரே விகிதத்தில் குறைந்தால் அது தேர்வின் குழப்பம்.

எப்போது ஆளைக் கூப்பிடுவது: புதுச் சோதனை வடிவமைக்கிற கட்டம் வந்ததும். அதற்கு முன் மாடலிங் தெரிந்த ஒருவரை உட்காரவைத்து, அந்த வடிவத்தைக் கணினியில் ஓட்டிப் பாருங்கள். எலிகள் வந்த பிறகு கூப்பிட்டால் அவரால் அனுதாபம் மட்டுமே சொல்ல முடியும். உழைப்பையோ காற்றூதலையோ சேர்ப்பது நெறிமுறைக் குழு ஒப்புக்கொண்ட நடைமுறையில் இல்லாவிட்டால் அந்த அனுமதியும் புதிதாக வேண்டும்.

## அறிகுறி 3: பிஐசி நன்றாக இருக்கிறது, ஆனால் மாடல் எலி நிஜ எலி மாதிரி நடக்கவில்லை

பிஐசி என்பது மாடல்களை ஒப்பிடும் ஒரு மதிப்பெண், குறைந்தால் நல்லது. ஃபிட் செய்த பாராமீட்டரை வைத்து ஒரு செயற்கை எலியை அதே பெட்டியில் ஓட்டுங்கள். நல்ல பக்கம் மாறுவதற்கு 10 டிரயல் முன்பிலிருந்து 20 டிரயல் பின்பு வரை, இரண்டு எலிகளின் தேர்வையும் ஒரே படத்தில் போடுங்கள். கோடுகள் ஒன்றின் மேல் ஒன்று வராவிட்டால் பிஐசி எவ்வளவு குறைந்திருந்தாலும் நம்பாதீர்கள். பிஐசி சொல்வது, இருக்கிற மாடல்களில் எது பரவாயில்லை என்பதை மட்டும்தான். எல்லாமே தப்பாக இருந்தாலும் ஒன்று முதலில் வரும்.

### நிஜ எலி சீக்கிரம் மாறுகிறது, மாடல் எலி தாமதிக்கிறது

தேர்ந்தெடுக்காத பக்கத்தின் மதிப்பு மாடலில் அப்படியே உறைந்து நிற்கிறதா என்று பாருங்கள். எலி அதை மறந்துகொண்டே வரும். இட்டோவும் டோயாவும் 2009-இல் எலிகளின் தேர்வுகளுக்கு மறதி சேர்த்த கியூ-லேர்னிங் மாடலைப் பயன்படுத்தினார்கள். ஒரு வரி கோட், ஒரே ஒரு பாராமீட்டர்.

### செஷனின் முதல் 20 டிரயலில் மட்டும் ஒட்டவில்லை

நேற்றைய கியூ மதிப்பு இன்றைக்கு அப்படியே வருகிறதா, பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறதா? பல செஷன்களை ஒரே நீள வரிசையாக ஒட்டிவைத்திருந்தால் இதுதான் காரணம். இரண்டு விதமும் ஓட்டிப் பாருங்கள்.

### எலி முன் செய்ததையே திரும்பச் செய்கிறது

வெகுமதி வந்தாலும் வராவிட்டாலும் போன பக்கமே போவது ஒரு தனிப் பழக்கம். அதற்கென்று ஒரு பாராமீட்டர் இல்லாமல், நல்ல விளைவுக்கு ஒரு ஆல்ஃபா, கெட்ட விளைவுக்கு ஒரு ஆல்ஃபா என்று இரண்டாகப் பிரித்தால், அந்தப் பழக்கம் முழுக்க நல்ல ஆல்ஃபாவில் போய் ஏறிக்கொள்ளும். எலி நல்லதிலிருந்தே அதிகம் கற்கிறது என்ற தோற்றம் வரும். கட்டஹிரா என்ற ஆய்வாளர் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். நம் துறையில் இது ஆபத்தான இடம். கன்ட்ரோல் எலி சற்று அதிகப் பழக்கவாதியாக இருந்தால் போதும், ஸ்ட்ரெஸ் எலி நம்பிக்கையை இழந்துவிட்டது என்று படம் காட்டும். கேட்க அழகான கதை. அதனாலேயே இரண்டு மடங்கு சந்தேகப்பட வேண்டும்.

### சில இடத்தில் பிரமாதமாக ஒட்டுகிறது, சில இடத்தில் சுத்தமாக இல்லை

எலி செஷன் முழுக்க ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. ஆஷ்வுட்டும் குழுவினரும் 2022-இல் காட்டியபடி, சுண்டெலிகள் கவனத்தோடு இருக்கும் நிலைக்கும் ஒருபக்கம் சாயும் நிலைக்கும் இடையில் மாறிக்கொண்டே இருக்கின்றன, ஒவ்வொரு நிலையும் பல பத்து டிரயல் நீடிக்கிறது. ஒரே பீட்டாவால் இரண்டு நிலைகளையும் பிடிக்கப் பார்த்தால் சராசரிதான் வரும். வெளியே தெரியாத நிலைகளுக்கு இடையில் எலி மாறுவதைக் கணக்கிடும் மறைநிலை மார்க்கவ் வகை மாடலுக்குப் போக வேண்டிய இடம் இது. இதற்கு முன் செய்ததில்லை என்றால் செய்தவர் ஒருவரோடு சேர்ந்து செய்யுங்கள், நிலைகளின் எண்ணிக்கையை முடிவு செய்வதில் அனுபவம் வேண்டும்.

## அறிகுறி 4: பாராமீட்டர் ரிகவரி தோற்கிறது

தெரிந்த பாராமீட்டரில் செயற்கை டேட்டா உண்டாக்கி, திரும்ப ஃபிட் செய்து, போட்டதும் கிடைத்ததும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் சோதனை. வில்சனும் காலின்ஸும் 2019-இல் எழுதிய பத்து எளிய விதிகளில் இதற்கு முக்கிய இடம் உண்டு. இரண்டுக்கும் உள்ள ஒட்டுறவு (கோரிலேஷன்) 0.8-க்குக் கீழே இருந்தால் அந்தப் பாராமீட்டரைப் பற்றி நான் வாய் திறப்பதில்லை. இது என் சொந்த எல்லை.

காரணங்கள், மலிவிலிருந்து: செயற்கை எலிக்கு 1000 டிரயல் கொடுத்துவிட்டு நிஜ எலிக்கு 150 மட்டும் இருப்பது. நிஜத்தில் வராத பாராமீட்டர் வீச்சில் சோதிப்பது. பீட்டா மிகச் சிறிதாக இருக்கும் எலிகள், அவற்றின் தேர்வு கிட்டத்தட்ட காசு சுண்டுவது மாதிரி இருப்பதால் ஆல்ஃபாவைப் படிக்கவே முடியாது. நல்ல பக்கம் செஷனுக்கு ஒரு தடவைதான் மாறுகிறது என்றால் கற்றலைப் பார்க்கவே போதிய இடம் இல்லை. கடைசி இரண்டுக்கும் சோதனையைத்தான் மாற்ற வேண்டும். எலிகளுக்கு ஆர்டர் போடுவதற்கு முன் இந்தச் சோதனையை முடிப்பவர்கள் எங்கள் ஆய்வகத்தில் இப்போது அதிகம், எனக்கு அதில் மகிழ்ச்சி.

## அறிகுறி 5: ஸ்டானில் டைவர்ஜென்ஸ் எச்சரிக்கை, ஆர்-ஹேட் 1.01-ஐத் தாண்டுகிறது

ஸ்டான் என்பது மாடலைப் பொருத்தும் மென்பொருள். இந்த இரண்டும் அதன் கணக்கை நம்ப முடியாது என்பதற்கான எச்சரிக்கைகள். முதலில், எந்த எலியின் பாராமீட்டர் அலைகிறது என்று பாருங்கள். பாதி நேரம் அறிகுறி 1-இல் சொன்ன பழுதான ஃபைல்தான். அது சரி என்றால் ஸ்டான் எவ்வளவு கவனமாக அடியெடுத்து வைக்க வேண்டும் என்று சொல்லும் அடாப்ட் டெல்டாவை 0.8-லிருந்து 0.95, 0.99 என்று ஏற்றுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் குழு சராசரியையும் தனி எலியின் விலகலையும் பிரித்தெழுதும் நான்-சென்டர்ட் வடிவத்துக்கு மாற்றுங்கள். எலி குறைவாகவும் டிரயல் குறைவாகவும் இருக்கும் நம் வகை டேட்டாவுக்கு இதுதான் பெரும்பாலும் மருந்து. எச்சரிக்கை வந்த ஓட்டத்தின் சராசரியை மட்டும் எடுத்துக்கொண்டு போவது கூடவே கூடாது. மாற்றியும் டைவர்ஜென்ஸ் நிற்கவில்லை என்றால் புள்ளியியல் தெரிந்தவரிடம் கொடுங்கள். கொடுக்கும்போது கோடை மட்டும் கொடுக்காதீர்கள், ஒரு எலியின் மூல ஃபைலையும் சேர்த்துக் கொடுங்கள்.

## அறிகுறி 6: குழு வேறுபாடு ஒரு நாள் இருக்கிறது, மறுநாள் காணவில்லை

### ஃபிட் செய்த விதத்தில்

இரண்டு குழுக்களையும் தனித்தனி பிரையரில் ஃபிட் செய்து, ஒவ்வொரு எலிக்கும் வந்த மதிப்பை எடுத்து, இரண்டு சராசரிகளை ஒப்பிடும் டி-டெஸ்ட் போட்டீர்களா? ஒவ்வொரு எலியும் தன் குழுச் சராசரியை நோக்கி இழுக்கப்பட்டிருப்பதால் சிதறல் செயற்கையாகச் சுருங்கிவிடும், இல்லாத வேறுபாடும் பளிச்சென்று தெரியும். குழு வேறுபாட்டையே மாடலுக்குள் ஒரு பாராமீட்டராக வைத்து, அதன் போஸ்டீரியரை, அதாவது டேட்டாவைப் பார்த்த பிறகு அது எங்கே இருக்கலாம் என்ற பரவலை, படியுங்கள்.

### கூண்டில்

ஸ்ட்ரெஸ் கூண்டு கூண்டாகக் கொடுக்கப்படுகிறது. ஒரு கூண்டில் நான்கு எலி என்றால் அவை நான்கு தனித் தகவல் இல்லை. ஒரு கூண்டில் ஒரு முரட்டு எலி இருந்து மற்ற மூன்றையும் கடித்துக்கொண்டிருந்தால், மூன்றின் பீட்டாவும் சேர்ந்தே விழும். கூண்டை மாடலில் ஒரு அடுக்காகச் சேர்த்துவிட்டு வேறுபாடு நிற்கிறதா பாருங்கள்.

### விளக்கில்

ஒரு தொகுதியில் மட்டும் எண்கள் மாறினால் டைமரைப் போய்ப் பாருங்கள். எங்களுக்கு ஒருமுறை மின்தடைக்குப் பிறகு விலங்கறை டைமர் நள்ளிரவிலிருந்து தொடங்கிவிட்டது. பகல் இரவு ஐந்து மணி நேரம் தள்ளிப்போனது. எலிகள் தூங்க வேண்டிய நேரத்தில் அவற்றைப் பெட்டியில் வைத்து, டிரயல்களை விடுகின்றன என்று குறை சொல்லிக்கொண்டிருந்தோம். கண்டுபிடித்தது விலங்கறையைக் கவனித்துக்கொள்ளும் அண்ணன். காலையில் உள்ளே போனால் எலிகள் விழித்துக்கொண்டிருக்கின்றன என்று அவர் முதல் நாளே சொல்லியிருக்கிறார், நாங்கள்தான் காதில் வாங்கவில்லை. இப்போது எண் எதுவும் விசித்திரமாக வந்தால் முதலில் அவரிடம்தான் கேட்கிறேன்.

## அறிகுறி 7: சர்க்கரைத் தண்ணீர் விருப்பச் சோதனை ஒன்று சொல்கிறது, மாடல் வேறு சொல்கிறது

இது கோளாறாகவே இல்லாமலும் இருக்கலாம். விருப்பச் சோதனையில் கூண்டில் ஒரு பாட்டில் சர்க்கரைத் தண்ணீர், ஒரு பாட்டில் வெறும் தண்ணீர். பாட்டிலில் குடிப்பது குடிக்கும்போதுள்ள நாட்டம். பெட்டியில் தேர்ந்தெடுப்பது கற்றதை வைத்துத் தேடுவது. இரண்டும் ஒன்றாக நகர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

ஆனாலும் பாட்டிலைச் சோதியுங்கள். இரண்டு பாட்டில்களின் இடத்தையும் பாதி நேரத்தில் மாற்றினீர்களா? எலி இல்லாத வெறுங்கூண்டில் ஒரு ஜோடி பாட்டில் தொங்கவிட்டு, கசிவும் ஆவியும் எவ்வளவு என்று கழித்தீர்களா? கூண்டைத் தள்ளும்போது குலுங்கி ஒழுகும் ஒன்றிரண்டு மில்லிலிட்டர், ஒரு சுண்டெலி நாள் முழுக்கக் குடிக்கும் அளவோடு வைத்துப் பார்த்தால் பெரிய அளவு. விருப்பச் சதவீதத்தோடு மொத்தக் குடித்த அளவையும் எழுதுங்கள். தண்ணீரையும் சேர்த்தே குறைவாகக் குடித்த எலிக்கு உடம்பு சரியில்லாமல் இருக்கலாம். அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள், அந்த எலியின் டேட்டா பிறகு ஆகட்டும்.

## அறிகுறி 8: நீச்சல் சோதனையின் அசையா நேரத்துக்கு மாடல் ஒட்டவில்லை

போர்சோல்ட்டும் சக ஆய்வாளர்களும் 1977-இல் கொண்டுவந்த கட்டாய நீச்சல் சோதனை: வெளியேற வழியில்லாத தண்ணீர்த் தொட்டியில் எலியை இறக்கிப் பார்ப்பது. அசையாமல் மிதக்கும் நேரத்தைக் கூட்டி ஒரே எண்ணாகச் சொல்வதற்குப் பதில், நீந்துவது, மிதப்பது என்ற இரண்டு நிலைகளுக்கு இடையில் எலி மாறும் வாய்ப்பை மாடல் செய்கிறோம். மிதப்பதை விரக்தி என்று நான் எழுதுவதில்லை. அது சக்தியைச் சேமிக்கும் ஒரு கற்றலாகவும் இருக்கலாம் என்று வாதிடுபவர்கள் பலர், அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. இந்தச் சோதனை இல்லாமல் உங்கள் கேள்விக்கு விடை கிடைக்கும் என்றால் செய்யவே வேண்டாம் என்பது என் கருத்து. கையில் ஏற்கெனவே டேட்டா இருந்தால் அதை ஒழுங்காகப் படிக்க வேண்டிய கடமை நமக்கு உண்டு, அதற்காகத்தான் இந்தப் பகுதி.

### நிலை மாற்றங்கள் எக்கச்சக்கமாக வருகின்றன

வீடியோ மென்பொருள் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் தீர்ப்பு சொல்கிறது. எல்லைக்கோட்டில் நிற்கும் எலி ஒரு நொடியில் ஐந்து தடவை நீந்தி மிதந்ததாகப் பதிவாகும். மிகக் குறுகிய துண்டுகளைப் பக்கத்து நிலையோடு சேர்த்துவிட ஒரு குறைந்தபட்ச நேரம் வையுங்கள். எவ்வளவு என்பதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யுங்கள்: எந்த எலி எந்தக் குழு என்று தெரியாத ஒருவர் ஐந்து வீடியோக்களைக் கையால் குறிக்கட்டும். மென்பொருளின் குறிப்பு அவருடையதோடு எந்த அமைப்பில் அதிகம் ஒத்துப்போகிறதோ அதை எடுங்கள். மின்விளக்கின் பிரதிபலிப்பு தண்ணீரில் ஆடினால் மென்பொருளுக்கு அதுவும் அசைவுதான், விளக்கை நகர்த்திவிட்டு மறுபடி பாருங்கள்.

### ஆரம்ப நிமிடங்களில் எல்லா எலியும் ஒரே மாதிரி

சுண்டெலிக்கு வழக்கமாக 6 நிமிடம் ஓட்டி, கடைசி 4 நிமிடத்தைத்தான் எண்ணுவார்கள். முதல் 2 நிமிடம் எல்லாமே துடித்து நீந்தும். மாறும் வாய்ப்பு முழு 6 நிமிடத்துக்கும் ஒன்றே என்று மாடலில் எழுதியிருந்தால் ஒட்டாது. அந்த வாய்ப்பு நேரத்தோடு மாற இடம் கொடுங்கள்.

### ஒரு நாளின் எலிகள் மட்டும் மொத்தமாக அசையவில்லை

தண்ணீரின் வெப்பநிலைப் பதிவைப் பாருங்கள். 23 முதல் 25 டிகிரி செல்சியஸ் என்று நடைமுறையில் எழுதியிருக்கும். ஆனால் காலையில் நிரப்பிய தொட்டி ஏசி அறையில் மத்தியானத்துக்குள் இறங்கியிருக்கும். குளிர்ந்த தண்ணீரில் எலி அசையாமல் போவது மனநிலை இல்லை, உடம்பு விறைப்பது. அந்த நாளின் டேட்டாவை ஒதுக்கிவையுங்கள், ஒதுக்கியதையும் காரணத்தையும் எழுதுங்கள். இனி ஒவ்வொரு எலிக்கு முன்பும் தெர்மாமீட்டரை நனையுங்கள். வெளியே எடுத்த எலியைத் துவட்டி, கதகதப்பான கூண்டில் வைத்த பிறகும் அது நடுங்கிக்கொண்டே இருந்தாலோ, முடியைச் சிலிர்த்துக்கொண்டு குன்றி உட்கார்ந்திருந்தாலோ சோதனையை அங்கேயே நிறுத்திவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். அவர் வந்து பார்க்கும் வரை அடுத்த எலியைத் தண்ணீரில் இறக்க வேண்டாம்.